துப்புக் கெட்ட துப்பறிவாளன்

துப்பறியும் கதைக்கு ஒரே முதலீடு மறைப்பு. கொலை செய்தவன் யார் என்பதைக் கடைசி அத்தியாயம் வரை எழுதியவர் தன் மடியிலேயே கட்டி வைத்திருக்க வேண்டும். கார்ட்டூனில் இது நடக்காத காரியம். அங்கே கெட்டவன் உள்ளே நுழையும்போதே கெட்டவனாகத்தான் வரையப்பட்டிருப்பான். பயம் வந்தால் விழி பிதுங்கி வெளியே நிற்கும், பொய் சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். எதையும் ஒளித்துவைக்க இடம் இல்லாத உலகம் அது. அதற்குள் ஒரு துப்பறிவாளரைக் கொண்டுபோய் விட்டால் அவருக்குச் செய்ய என்ன இருக்கிறது? செய்ய ஒன்றுமில்லாத ஆள் தலைபோகிற மும்முரத்தோடு வேலை பார்ப்பதில்தான் சிரிப்பு பிறக்கிறது. பழைய திரையரங்குக் கார்ட்டூன்களில் அசட்டுத் துப்பறிவாளர் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வகையில் எனக்கு உச்சமாகப் படுவது, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 1946 ஜூலை 20 அன்று வெளியிட்ட 'தி கிரேட் பிக்கி பேங்க் ராபரி'. ஏழரை நிமிடப் படம். இயக்கம் பாப் கிளாம்பெட், கதை வாரன் ஃபாஸ்டர், நாயகன் டாஃபி டக் என்ற கறுப்பு வாத்து.

அந்தக் காலத்து அமெரிக்கத் திரையரங்கில் டிக்கெட் வாங்கினால் பெரிய படம் மட்டும் கிடைக்காது. செய்திப்படம், குறும்படம், கார்ட்டூன் என்று ஒவ்வொன்றாக ஓடி, அப்புறம்தான் பெரிய படம் வரும். கார்ட்டூனைப் பார்த்தவர்களில் கணிசமானவர்கள் வளர்ந்த ஆட்கள். போன வாரம் அதே இருக்கையில் உட்கார்ந்து தொப்பியும் மழைக்கோட்டும் போட்ட துப்பறிவாளரின் படத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள். 'கார்ட்டூன் என்றால் பிள்ளைகளுக்கு' என்ற எண்ணம், இதே படங்களைப் பிற்பாடு தொலைக்காட்சியில் போட ஆரம்பித்த பிறகு கெட்டிப்பட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வார்னர் நிறுவனமே துப்பறியும் படங்களுக்குப் பேர்போனது. 'தி மால்டீஸ் ஃபால்கன்' 1941-இல் அவர்கள் எடுத்தது. 'தி பிக் ஸ்லீப்' இந்தக் கார்ட்டூனுக்கு அடுத்த மாதம், 1946 ஆகஸ்டில் வந்தது. ஆக, நிறுவனத்தின் ஒரு கை பயபக்தியோடு எடுத்த சரக்கை இன்னொரு கை கேலி செய்தது.

கதை ஒரு பண்ணையில் ஆரம்பிக்கிறது. டாஃபி தபால் பெட்டி பக்கத்தில் தவித்துக்கொண்டிருக்கிறான். அவன் காத்திருப்பது டிக் ட்ரேசி என்ற துப்பறிவாளரின் காமிக்ஸ் புத்தகத்துக்கு. புத்தகம் வருகிறது, ஓடிப்போய்ப் படிக்கிறான். படிக்கப் படிக்க வெறி ஏறுகிறது. நாயகன் எதிரியைக் குத்தும் இடத்தில் தானும் காற்றில் குத்துவிட்டு, கடைசியில் தன்னையே குத்திக்கொண்டு மயங்கி விழுகிறான். அதற்கு மேல் நடப்பதெல்லாம் கனவு. கனவில் அவன் டக் ட்வேசி, ஊரே நடுங்கும் துப்பறிவாளன். ஊரில் பன்றி உருவத்தில் செய்த சேமிப்பு உண்டியல்கள் ஒவ்வொன்றாகத் திருடு போகின்றன. மற்றவர்களின் உண்டியல் போனவரை அலட்டிக்கொள்ளாதவன், தன்னுடையதும் போய்விட்டது என்று தெரிந்ததும் கிளம்புகிறான்.

இந்த இடத்தில் ஒரு நிஜத் துப்பறியும் கதை என்ன செய்யும்? தடயம் தேடும், சாட்சியை விசாரிக்கும், சிகரெட் சாம்பலை ஆராயும். டாஃபி ஒரு டிராமில் ஏறுகிறான். டிராமின் நெற்றியிலேயே கொள்ளையர் மறைவிடத்துக்குப் போகிற வண்டி என்று எழுதியிருக்கிறது. ஓட்டுநராக மீசை ஒட்டிக்கொண்டு நிற்பது போர்க்கி பிக். அதாவது, பன்றி உண்டியலைத் தேடிப் போகிறவனைக் கூட்டிக்கொண்டு போவதே ஒரு பன்றி. படம் இதைச் சுட்டிக்காட்டிச் சிரிப்பு கேட்பதில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இறங்கிய இடத்தில் இருட்டுக்குள் பளபளவென்று விளக்குப் பலகைகள், மறைவிடம் இதோ இதோ என்று வழி காட்டுகின்றன. போகும் வழியில் ஷெர்லாக் ஹோம்ஸ் குறுக்கே வருகிறார். இந்தத் தெருப்பக்கம் என் வட்டாரம், நகரு என்று டாஃபி விரட்டிவிடுகிறான். ஒரு நொடிக் காட்சிதான். ஆனால் தர்க்கத்தால் குற்றவாளியைப் பிடிக்கிற பரம்பரை முழுவதையும் இந்த ஒரு நொடியில் படத்தைவிட்டு அனுப்பியாகிவிட்டது.

அடுத்து காலடித் தடம். பூதக்கண்ணாடியைத் தரையோடு பிடித்துக்கொண்டு டாஃபி தடத்தைப் பின்தொடர்கிறான். தடம் சுவரில் ஏறுகிறது, இவனும் ஏறுகிறான், கடைசியில் ஓர் எலி வளை. உள்ளே இருப்பவன் சுண்டெலிதான் என்ற தைரியத்தில் வெளியே வாடா என்று அதட்டுகிறான். வளைக்குள்ளிருந்து மலை மாதிரி ஒருவன் எழுந்து நிற்கிறான். பேர் மவுஸ் மேன். டாஃபி குரல் இறங்கிப்போய், மறுபடியும் உள்ளே போயிடுங்க என்கிற தொனிக்கு வந்துவிடுகிறான். படம் முழுவதிலும் அவன் செய்கிற ஒரே துப்பறியும் வேலை இதுதான், அதன் பலனும் இதுதான். தடம் சரி, பின்தொடர்ந்த விதமும் சரி, முடிவுதான் ஆளையே விழுங்க வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள டிக் ட்ரேசியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஓக்லஹோமாவிலிருந்து சிகாகோவுக்கு வந்த செஸ்டர் கௌல்ட் என்ற ஓவியர் 1931 அக்டோபரில் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்தது அது. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலம், சிகாகோவில் ரவுடித் தலைவன் அல் கபோன் ராஜ்ஜியம். தொடர் தொடங்கிய அதே மாதத்தில்தான் வரி ஏய்ப்பு வழக்கில் கபோன் குற்றவாளி என்று தீர்ப்பானது. கௌல்ட் படைத்த முதல் வில்லன் 'பிக் பாய்' கபோனைப் பார்த்து வரைந்தவன்தான். பத்திரிகையில் தினம் படிக்கிற ரவுடிகளை யாராவது நேருக்கு நேர் சுட்டு வீழ்த்த மாட்டார்களா என்ற ஏக்கத்துக்கு வந்த பதில் டிக் ட்ரேசி. அதனால் இவர் புதிர் அவிழ்க்கிற ரகம் இல்லை. யார் குற்றவாளி என்பது வாசகருக்கு முதலிலேயே தெரியும். எப்போது, எப்படிப் பிடிபடப் போகிறான் என்பதில்தான் விறுவிறுப்பு.

நாற்பதுகளில் கௌல்ட் இன்னும் ஒரு படி மேலே போனார். வில்லன்களின் குற்றத்தை அவர்களுடைய முகத்திலேயே வரைந்தார். முகமெல்லாம் உலர்ந்த பழம் போலச் சுருங்கிய 'ப்ரூன்ஃபேஸ்', நெற்றி முழுக்க மடிப்புகளான 'தி ப்ரௌ', உச்சந்தலை பலகை போல் தட்டையான 'ஃப்ளாட்டாப்'. பேரைக் கேட்டாலே முகம் தெரியும், முகத்தைப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரியும். நிஜத்தை நம்பவைக்க வேண்டிய ஒரு குற்றத்தொடர், தன்னை அறியாமலே பாதிக் கார்ட்டூனாக மாறியிருந்தது. கிளாம்பெட்டின் கூர்மை இதைக் கவனித்ததில் இருக்கிறது. பகடி செய்ய அவர் எதையும் திரிக்க வேண்டியிருக்கவில்லை. கௌல்ட் நிறுத்திய இடத்திலிருந்து இரண்டு அடி நடந்தால் போதும் என்றிருந்தது.

அந்த இரண்டு அடி எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். மறைவிடத்தில் டாஃபியைச் சூழ்ந்துகொள்ளும் கும்பலில் ஒருவனுக்குக் கண்களே பகடைக்காய்கள். ஒருவனுக்குப் பல் வரிசை பியானோ கட்டைகள், பேர் எண்பத்தெட்டுப் பல். சுத்தியல் தலையன், பூசணித் தலையன், இரட்டைத் தலையன், தாடையில் இசைத்தட்டு சுழலும் ஜூக்பாக்ஸ் தாடைக்காரன். ஃப்ளாட்டாப் மட்டும் கௌல்ட்டின் தொடரிலிருந்து நேராக வந்தவன். தொடரில் அவன் 1944-லேயே செத்துவிட்டான், இங்கே உயிரோடு நிற்கிறான். விமானந்தாங்கிக் கப்பலைப் போர்க்காலத்து அமெரிக்கர்கள் செல்லமாகக் கூப்பிட்ட பேரும் அதுதான் என்பதால் அவன் உச்சந்தலையிலிருந்து குட்டிப் போர் விமானங்கள் பறந்து கிளம்புகின்றன. போர் முடிந்து ஓர் ஆண்டுகூட ஆகாத நேரத்தில் அரங்கம் இதற்கு எப்படிச் சிரித்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

ரப்பர் தலையன் என்று ஒருவன். தலைக்குப் பதில் பென்சில் முனை அழிப்பான். உன்னைத் தீர்த்துக்கட்டுகிறேன் என்று ரவுடிகள் சொல்கிற வசனத்தை (ஆங்கிலத்தில் அது 'ரப் அவுட்', தேய்த்து அழிப்பதற்கும் அதே சொல்தான்) சொல்லிவிட்டு, அதை அப்படியே செய்கிறான்: டாஃபியைத் தேய்த்து அழித்துவிடுகிறான். காகிதத்தில் வரைந்த வாத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாவு உண்டா? அழிந்துபோன டாஃபியோ அடுத்த கணமே தலையை நீட்டி, இது அதிசயம், அதோடு நம்பவும் முடியாதது என்று தானே விமர்சனம் சொல்கிறான். சக் ஜோன்ஸ் 1953-இல் எடுத்த 'டக் அமக்' படத்தில் ஒரு பென்சிலும் அழிப்பானும் டாஃபியைப் பாடாய்ப் படுத்துவதைப் பலரும் வியந்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஏழு ஆண்டு முன்னால் அந்த விதை இங்கே விழுந்திருக்கிறது. ஜோன்ஸ் இதைப் பார்த்துத்தான் அதைச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரே மாதிரி நினைப்பு ஓடுவது சகஜம்தான்.

அடிதடிக் கட்டமும் இதே தர்க்கத்தில்தான் போகிறது. ஒவ்வொருவனும் எந்தப் பொருளால் ஆனவனோ அந்தப் பொருளுக்கு என்ன நேருமோ அதுவே அவனுக்கும் நேர்கிறது. பூசணித் தலையன் மேல் கைக்குண்டு விழுந்தால் அவன் அடுக்கி வைத்த பூசணி இனிப்புத் தட்டுகளாகிவிடுகிறான். வெளிச்சக் கோடுகளால் மட்டுமே ஆன நியான் ஆசாமியைத் திருகி முறுக்கிவிட்டால் சாப்பாட்டுக் கடை விளம்பரப் பலகையாகத் தொங்குகிறான். உச்சகட்டத்தில் கும்பல் முழுவதும் ஒரு அறைக்குள் அடைபட, டாஃபி இயந்திரத் துப்பாக்கியால் கதவைச் சல்லடையாக்குகிறான். கதவு திறக்கிறது. பிணங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே சீரான தாளத்தில் சரிந்துகொண்டே இருக்கின்றன. சிரிப்புப் படத்தில் இத்தனை பிணமா என்று திகைப்பு வரும். வந்த வேகத்திலேயே அந்தச் சரிவின் லயம் நம்மை இழுத்துக்கொள்ளும்.

வரைந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைச் சொல்ல முடியாது. திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள், ஏழரை நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். வார்னர் கூடத்தில் ஒவ்வொரு இயக்குநருக்கும் தனி அணி இருந்தது, அணிக்குள் ஒவ்வொரு ஓவியரும் சில காட்சிகளை எடுத்துக்கொள்வார். கிளாம்பெட்டின் அணியில் ராட் ஸ்க்ரிப்னர், மேனி கௌல்ட் (டிக் ட்ரேசி கௌல்ட் வேறு), பில் மெலெண்டஸ், இஸ்ஸி எல்லிஸ். டிஸ்னியில் ஒரு பாத்திரத்தை யார் வரைந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பது சட்டம். கிளாம்பெட் அதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஸ்க்ரிப்னர் கைபட்ட டாஃபி சவ்வு மாதிரி இழுபடுவான், பல் தெரியும், மூக்கு நெளியும், உடம்பில் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குக் காத்திருக்காது. மேனி கௌல்ட் வரைந்த டாஃபி முழு உடம்பையும் வீசி நடிப்பான், சுட்டுவிரல் திரைக்கு வெளியே வந்துவிடுமோ என்று தோன்றும். ஒரே படத்துக்குள் வாத்து இத்தனை விதமாக மாறுவதைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. கனவு காண்கிறவனின் உடம்பு ஒரு நிலையில் நிற்குமா என்ன?

பின்னணி ஓவியங்கள் வேறு மாதிரி. பண்ணையில் வெயிலும் மண்ணுமாகத் தெளிவாக இருக்கும் படம், கனவுக்குள் போனதும் சாய்ந்த கோணங்களுக்கும் நீண்ட நிழல்களுக்கும் மாறிவிடுகிறது. கட்டடங்கள் மேலே போகப் போகக் குறுகுகின்றன, வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடிக்கிறது. அன்றைய அமெரிக்கக் குற்றப் படங்களின் இந்த இருட்டு அழகை 'ஃபிலிம் நுவார்' என்ற பேரால் பிரெஞ்சு விமர்சகர் நீனோ ஃப்ராங்க் எழுதியதும் 1946 ஆகஸ்டில்தான். பேர் சூட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே கேலி வந்துவிட்டது.

இசை கார்ல் ஸ்டாலிங். ஊமைப்படக் காலத்தில் கன்சாஸ் சிட்டி அரங்குகளில் படத்துக்கு ஏற்ப ஆர்கன் வாசித்துப் பழகியவர், திரையில் ஒருவன் கால் தவறினால் இவர் கையும் தானாகவே தவறும். ரேமண்ட் ஸ்காட் 1937-இல் எழுதிய 'பவர்ஹவுஸ்' என்ற துண்டை இதில் நன்றாகப் பயன்படுத்தியிருக்கிறார். எந்திரம் ஓடுவது போன்ற அந்த மெட்டைக் கேட்டால், பேர் தெரியாவிட்டாலும், அட இதுவா என்பீர்கள். ஸ்காட் கார்ட்டூனுக்கென்று எழுதியதில்லை. அவருடைய இசை உரிமையை வார்னர் 1943-இல் வாங்கிய பிறகு ஸ்டாலிங் எடுத்து எடுத்துச் சேர்த்தது அது. குரல் மெல் ப்ளாங்க். டாஃபியின் குரலைப் பதிவுசெய்து வேகத்தைக் கூட்டி ஓட்டுவார்கள், எச்சில் தெறிக்கும் அந்தப் பேச்சு இன்னும் அவசரமாகக் கேட்பது அதனால்தான்.

கடைசியில் டாஃபி உண்டியல்களைக் கண்டுபிடிக்கிறான். தன்னுடையதைக் கட்டிப்பிடித்து முத்தமிடுகிறான். விழித்தால் பண்ணைச் சேற்றில் ஒரு நிஜப் பெண் பன்றியை முத்தமிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அலறி ஓட, அந்த வாத்தை எனக்குப் பிடித்திருக்கிறது என்று பன்றி நம்மைப் பார்த்துச் சொல்கிறது. இந்த முடிவு படத்தின் மற்றப் பகுதிகளுக்கு ஈடாகாது என்பது என் கருத்து. கனவிலிருந்து எழுந்தால் அசிங்கமான இடத்தில் கிடப்பது அப்போதே பழசாகிப்போன உத்தி. ஆனால் கனவு என்ற சட்டகம் படத்துக்குக் கண்டிப்பாகத் தேவை. டாஃபி இதில் கோமாளியாக வேடம் போடவில்லை. படிக்கிற புத்தகத்தின் நாயகனாகவே தன்னை நினைத்துக்கொள்கிற ஒரு வாசகன் அவன். அதனால் அவன் தைரியம் பொய்யில்லை. மவுஸ் மேனுக்குப் பயந்தவன்தான் அடுத்த நிமிடம் இருபது பேரை எதிர்த்து நிற்கிறான். கிளாம்பெட் கேலி செய்வது டிக் ட்ரேசியை வெறுத்து இல்லை, கொண்டாடித் தீர்த்து. பகடிப் படங்களில் இந்தப் பாசம் அபூர்வம்.

மறைப்பு இல்லாத துப்பறியும் கதை என்ற சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தவர்களும் உண்டு. எம்.ஜி.எம். நிறுவனத்தில் டெக்ஸ் ஏவரி 1943-இல் எடுத்த 'ஹூ கில்ட் ஹூ?' ஒரு மாளிகைக் கொலை. கொல்லப்படப் போகிறவர் இந்தக் கார்ட்டூனைத் தழுவி எழுதிய புத்தகத்தையே படித்துக்கொண்டிருக்கிறார். போலீஸ்காரர் அறை அறையாக ஓடுகிறார், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு அபத்தம். கொலைகாரனை முகமூடி கழற்றிப் பார்த்தால், படத்தின் தொடக்கத்தில் நம்மிடம் முன்னுரை சொன்ன மனிதர், வரைந்த பாத்திரமே இல்லாத நிஜ நடிகர்! ஏவரியின் தீர்வு சாமர்த்தியமானது. கார்ட்டூனுக்குள் ஒளிய இடமில்லை என்றால் கார்ட்டூனுக்கு வெளியே ஒளித்துவிட வேண்டியதுதான். படத்தைப் பார்த்து மெச்சத் தோன்றும். ஆனால் அந்தப் போலீஸ்காரர் மேல் நமக்கு எந்த ஒட்டுதலும் வராது, அவர் வெறும் ஓடும் கால்கள்.

டாஃபியை உருவாக்கியதும் இதே ஏவரிதான், வார்னரில் இருந்தபோது, 1937-இல், 'போர்க்கீஸ் டக் ஹண்ட்' படத்துக்காக. அதில் வாத்து கூச்சல் போட்டுக்கொண்டு தண்ணீர் மேல் குட்டிக்கரணம் அடித்துப் போகிற காட்சியை வரைந்தவர் கிளாம்பெட். ஆக, பைத்தியக்கார டாஃபியின் பிறப்பிலேயே அவர் கை இருந்தது.

பத்து ஆண்டு கழித்து அதே வாத்து மறுபடி துப்பறிகிறது. நடுவிலும் ராபர்ட் மெக்கிம்சன் 1952-இல் எடுத்த 'தி சூப்பர் ஸ்னூப்பர்' போன்றவை உண்டு, அவற்றைத் தாண்டிப் போகலாம். முக்கியமானது சக் ஜோன்ஸ் 1956-இல் தந்த 'டிட்யூஸ், யூ சே'. மைக்கேல் மால்டீஸ் கதை. இப்போது இடம் லண்டன், டாஃபியின் பேர் டார்லாக் ஹோம்ஸ், தலையில் அந்த இரட்டை முனைத் தொப்பி. கூட வருகிற உதவியாளர் வாட்கின்ஸாகப் போர்க்கி. ஷ்ராப்ஷையர் ஸ்லாஷர் என்ற முரட்டுக் கொலைகாரனைப் பிடிக்க ஒரு மதுக்கடைக்குப் போகிறார்கள். டாஃபி ஒவ்வொரு முறையும் வீராவேசமாகப் போய் நசுங்கித் திரும்புகிறான். போர்க்கி மரியாதையாக, அமைதியாகப் பேசிக் காரியத்தை முடித்துவிடுகிறார். உங்களுக்கு இந்தத் துப்பறியும் கலை எந்தப் பள்ளியில் கைவந்தது என்று கடைசியில் போர்க்கி கேட்க, ஹோம்ஸ் வாயில் உலகமே ஒட்டவைத்த, வெகு சுலபம் என்று பொருள்படும் அந்த 'எலிமெண்டரி' வசனத்தை டாஃபி பதிலாகச் சொல்கிறான். ஆங்கிலத்தில் அது தொடக்கப் பள்ளிக்கும் பேர். தன் வாயாலேயே தன் படிப்பைப் போட்டு உடைத்தது தெரியாமல் கம்பீரமாக நிற்கிறான்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் துப்புக் கெட்டதனம் இரண்டு வகை என்று தெரியும். 1946 டாஃபிக்கு அறிவு போதாது, ஆனால் ஆர்வம் கரை புரள்கிறது. 1956 டாஃபிக்கு ஆர்வம் வேலையில் இல்லை, தன் மேல்தான். துப்பறிவாளனாகத் தெரிய வேண்டும், அவ்வளவே. முன்னவன் தோற்றால் நாமும் பதறுகிறோம், பின்னவன் தோற்றால் நன்றாக வேண்டும் என்கிறோம். ஜோன்ஸின் படத்தில் வாத்து ஓடுவதும் குறைவு. ஒரு புருவத்தைத் தூக்குவதும் ஓரக்கண்ணால் நம்மைப் பார்ப்பதுமே போதுமானதாக இருக்கிறது. நடிப்பு என்ற அளவில் ஜோன்ஸ் நுட்பமானவர், அதில் சந்தேகம் இல்லை. எனக்குப் பிடித்தது என்னவோ பழைய வாத்துதான்.

ஆனால் உலகம் அதிகம் அறிந்தது ஜோன்ஸின் தற்பெருமை வாத்தைத்தான். இதற்குக் கலை மட்டும் காரணமில்லை, கணக்கு வழக்கும் உண்டு. 1948 நடுப்பகுதிக்கு முன் வெளியான தன் வண்ணக் கார்ட்டூன்களின் உரிமையை வார்னர் 1956-இல் வேறு ஒரு விநியோக நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பிற்பாடு வார்னர் தன் பேரில் தொலைக்காட்சிக்கும் திரைக்கும் தொகுப்புகள் தயாரித்தபோது கையில் மிச்சமிருந்தது அதற்குப் பிந்தைய படங்கள். அவை பெரும்பாலும் ஜோன்ஸ், ஃப்ரிஸ் ஃப்ரீலெங், மெக்கிம்சன் என்ற இயக்குநர்கள் மூவரின் வேலை. கிளாம்பெட்டோ 1945-லேயே கிளம்பிவிட்டார். உண்டியல் கொள்ளை திரைக்கு வந்தபோது அவர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை, அவருடைய அணியை ஆர்தர் டேவிஸ் எடுத்துக்கொண்டிருந்தார். கிளாம்பெட் 1949-இல் 'டைம் ஃபார் பீனி' என்ற பொம்மலாட்டத் தொடரோடு தொலைக்காட்சிக்குப் போய் அங்கே பேர் வாங்கினார்.

தனிப்பட்ட பூசலும் சேர்ந்துகொண்டது. வார்னரின் புகழ்பெற்ற கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னியைப் பற்றி 1975-இல் வந்த 'பக்ஸ் பன்னி சூப்பர்ஸ்டார்' ஆவணப்படத்தில் கிளாம்பெட் தன் பங்கைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லிக்கொண்டார் என்று பழைய சகாக்கள் கொதித்தார்கள், ஜோன்ஸ் அதிகமாக. 1979-இல் ஜோன்ஸ் எடுத்த தொகுப்புப் படத்தில் பக்ஸ் பன்னியின் தந்தையர் என்று பட்டியலிட்டபோது கிளாம்பெட் பேரையே விட்டுவிட்டார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்ற வழக்கை ரசிகர்கள் இன்னும் நடத்திக்கொண்டிருக்கிறார்கள், நாம் அதில் இறங்க வேண்டாம். கிளாம்பெட் 1984-இல் இறந்தார். பத்து ஆண்டு கழித்து, அனிமேஷன் துறையினரிடம் கருத்துக் கேட்டு அனிமேஷன் வரலாற்றாசிரியர் ஜெர்ரி பெக் தொகுத்த 50 மிகச் சிறந்த கார்ட்டூன்கள் பட்டியலில் இந்த உண்டியல் கொள்ளைக்கு 16-ஆவது இடம் கிடைத்தது.

அசட்டுத் துப்பறிவாளர் திரையரங்கில் கடைசியாக நிலைத்து நின்றது அறுபதுகளில், பிரான்ஸ் வேடத்தில். பீட்டர் செல்லர்ஸ் நடித்த அசட்டுப் பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி க்ளூஸோவின் வெற்றியை ஒட்டி டேவிட் டிபேட்டியும் ஃப்ரிஸ் ஃப்ரீலெங்கும் 1965 முதல் 1969 வரை 'தி இன்ஸ்பெக்டர்' வரிசையில் 34 குறும்படங்கள் தந்தார்கள். முதல் படம் ஜேம்ஸ் பாண்டின் 'தண்டர்பால்' படத்தோடு ஓடியது. இன்ஸ்பெக்டருக்கும் அவருடைய உதவியாளர் சார்ஜண்ட் டு-டுவுக்கும் ஒரே ஆள், பாட் ஹாரிங்டன் ஜூனியர், குரல் கொடுத்தார். சார்ஜண்ட் ஸ்பானிய மொழியில் ஆமாம் சொல்வதும், பிரெஞ்சில் சொல் என்று இன்ஸ்பெக்டர் அலுத்துக்கொள்வதும் படத்துக்குப் படம் வரும். ஹென்றி மான்சினியின் தலைப்பு இசை அருமை. ஆனால் பணம் சுருங்கிவிட்ட காலம். திரையரங்குகளும் கார்ட்டூனைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. அசைவுகள் எண்ணி எண்ணி வைக்கப்பட்டிருக்கும், பின்னணி சில கோடுகளோடு நின்றுவிடும். இருபது ஆண்டு முன்பு உடம்பு செய்த வேலையை இப்போது வசனம் செய்ய வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டரை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர் விழும்போது எடை தெரியாது.

பார்க்க நினைப்பவர்கள் ஏவரியின் மாளிகைக் கொலை, உண்டியல் கொள்ளை, டார்லாக் ஹோம்ஸ் என்று வந்த வரிசையிலேயே பார்க்கலாம், மூன்றும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. உண்டியல் கொள்ளையை மட்டும் இரண்டாம் முறை ஓட்டுங்கள். அந்தக் கும்பல் டாஃபி முன்னால் அணிவகுக்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பேர் சொல்லி அழைக்காமல் விட்ட முகங்கள் பின்வரிசையில் இன்னும் சில நிற்கின்றன.